குழிக்குள் நெட்டை, மேலே நான்

மார்ச் 4

சூப்பர்வைசர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இந்த லிஃப்ட் கம்பெனியில், லிஃப்டை ஓட்டும் கன்ட்ரோல் கார்டைப் பார்த்த மாத்திரத்தில் எது செத்திருக்கிறது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. இது பெருமை இல்லை, தகவல். மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். “வேலை தெரியும்பா உனக்கு, யாரு இல்லேன்னா? ஆனா உன்னை யாருக்குத் தெரியும்?” என்றார்.

அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அவளிடம் புலம்பினேன். “நாலு பேருக்கு ஒத்தாசை பண்ணுடா. பேரு தன்னால வரும்.” மாமா சாப்பிட்டுக்கொண்டே, “மாப்ள ஒத்தாசை பண்ணா, வாங்கிக்கிறவன் அழுதுட்டுத்தான் போவான்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

எல்லா டெக்னீஷியன்களிடமும் சொல்லிவிட்டேன்: எங்கே மாட்டிக்கொண்டாலும் எனக்குப் போன் போடுங்கள். திட்டம் போட்டு உதவினால் என்ன தப்பு? உதவி உதவிதானே?

மார்ச் 19

போன் ஓயவில்லை. ஒருவனுக்குக் கதவு மூடவில்லை, இன்னொருவனுக்கு லிஃப்ட் மாடியைத் தாண்டிப் போய் நிற்கிறது. விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. “நீல ஒயரைக் கழட்டு, மாட்டு, அவ்வளவுதான், வை.” வாட்ஸாப் குழுவில் என் பெயருக்கு ஏகப்பட்ட கும்பிடு. மேனேஜரே ஒரு கட்டைவிரல் போட்டார். அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

மார்ச் 28

எங்கள் வேலை ஜோடி ஜோடியாக. ஒருவன் மேலே மெஷின் ரூமில், கார்டுக்கும் மெயின் சுவிட்சுக்கும் பக்கத்தில். இன்னொருவன் கீழே, லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள். கீழே இருப்பவன் வெளியே வந்து குரல் கொடுத்த பிறகுதான் மேலே அணைத்து வைத்த சுவிட்சைத் தொடலாம். என் ஜோடி நெட்டை. அவ்வளவு உயரத்தையும் மடக்கிக்கொண்டு அவன்தான் குழிக்குள் இறங்குவான். கார்டு வேலை அவனுக்கு வராது. அதனால் மேலே எப்போதும் நான்.

இன்று கேட்டான்: “நீ எனக்கு ஜோடியா, போனுக்கு ஜோடியா?”

“பொறாமையா?”

“ஆமாடா. அதையாவது காதோட வெச்சுக் கொஞ்சுற.”

ஏப்ரல் 9

எழுதியே ஆக வேண்டும்.

நெட்டை குழியில் இருந்தான். ஊரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தது. அங்கே போயிருந்தவர் சோடாபுட்டி அண்ணன். அவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டும் கார்டில் எதுவும் பிடிபடவில்லை அவருக்கு. உள்ளே யாரோ கதறுவது போனிலேயே கேட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், “தம்பி, சுவிட்ச் போட்டுடவா?” என்றார்.

“போடுங்க” என்றேன்.

போட்டது நான். என் கை. இங்கே. அவருக்குச் சொன்ன சொல்லைக் கேட்டு என் கை போய் என் சுவிட்சைப் போட்டுவிட்டது.

குழிக்குள் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. இறங்கியதும் நெட்டை அதை அழுத்தியிருந்தான். அதனால்தான் லிஃப்ட் அவன்மேல் இறங்கவில்லை. ஆனால் தலைக்கு மேலே லிஃப்டின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது அவனுக்குக் கேட்டிருக்கிறது. படியேறி வந்தான். கை முழுக்க கிரீஸ். அறையப்போகிறான் என்று நின்றேன். அறைஞ்சிருக்கலாம்டா நீ.

“அங்க மாட்டுனவங்க வெளிய வந்துட்டாங்களா?” என்று மட்டும் கேட்டான்.

சாயங்காலம் குழுவில் மேனேஜர், ஆஸ்பத்திரி லிஃப்டைப் போனிலேயே திறந்தவன் என்று என்னைப் பாராட்டியிருந்தார். “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்கிறாள் அக்கா.

ஏப்ரல் 10

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 13

நெட்டை ஜோடி மாற்றக் கேட்டிருக்கிறான். காரணம் சொல்லவில்லையாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நாற்காலி கிட்டத்தட்ட உனக்குத்தான். இவன் எதுக்கு முறுக்கிக்கிறான்? வயித்தெரிச்சலா?”

தலையாட்டினால் போதும். கொஞ்சம் அசைந்தும் விட்டது. சீ! சொல்லிவிட்டேன் — போன், கை, சுவிட்ச், எல்லாம். பேனாவை மூடி வைத்தார். “இப்போதைக்கு நீ மெஷின் ரூம் பக்கமே போகாத.”

நெட்டையே வாயைத் திறக்கவில்லை, நான் எதற்குத் திறந்தேன்? — அவன் திறக்காததால்தான்.

ஏப்ரல் 30

ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். கை பரபரக்கிறது. செத்த கார்டு ஒன்றை மேசைமேல் போட்டு, சாயங்காலம் யார் வந்தாலும் காட்டுகிறேன்: எந்த விளக்கு எரிந்தால் எங்கே கோளாறு என்று. அவர்களே கண்டுபிடித்துவிட்டால் எவனும் சுவிட்ச் பக்கத்தில் நின்று போன் பேச வேண்டியதில்லை. சோடாபுட்டி அண்ணன் ஒரே கேள்வியைத் தினமும் கேட்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் பதில் சொல்கிறேன். நெட்டை கதவோரம் நின்று பார்ப்பான். உள்ளே வர மாட்டான்.

ஜூன் 2

நாற்காலி வேறொருவருக்கு. தெரிந்ததுதான். ஆனாலும் எரிகிறது.

ஜூன் 24

நெட்டை உள்ளே வந்து உட்கார்ந்தான். கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஜூலை 11

என் போன் அடிப்பதே இல்லை. இனி நான் எதற்கு? இதை மேனேஜரும் கவனித்துவிட்டார்: “என்னப்பா, இப்பல்லாம் உன்னை ஒருத்தனும் தேடுறதில்ல?”

சோடாபுட்டி அண்ணன் முந்திக்கொண்டார்: “தேடுற மாதிரி தம்பி எங்களை வெச்சாத்தானே சார்!”

ஆகஸ்ட் 20

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் கிளை திறக்கிறார்கள். பொறுப்பு எனக்காம். “அங்க எல்லாம் புது ஆளுங்க. இங்க பண்ணதை அங்கயும் பண்ணு. போனை எங்க வைக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்லையே?” என்றார் மேனேஜர். என்னோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நெட்டையிடம் போனேன். ஜோடியா வர்றியா என்று கேட்பதற்குள் நாக்கு நாலு தடவை புரண்டது.

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “வர்றேன். ஆனா மேல நான் நிப்பேன்.”

ஆகஸ்ட் 31

குழிக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடக்குமாம். பழைய பேண்ட் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.