சுவருக்கு வாயும் உண்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், வழக்கத்துக்கு எழுதும் சுகம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறிப்போய் டிக்கெட் எடுத்துவிடுவாய். எழுத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது, தாள் காய்ந்துவிடும். உன் தம்பிக்குப் புது வேலை பிடித்துப்போய்விட்டது, தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஆனால் அவனுடைய அழுக்குத் துணி மட்டும் வாரம் தவறாமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாடி வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை எல்லாம் முடிந்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அத்தைதான் பாவம், முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். அவளும் மாமாவும் பழைய தலைநகரத்தைப் பார்க்கப் பதிவு செய்து வைத்திருந்த இரண்டு நாள் பஸ் பயணம் அப்படித்தான் எங்களுக்கு வந்தது. அப்பா வரமாட்டேன் என்று கையை ஆட்டினார். அத்தை விடுவாளா, நொண்டிக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்று, "அக்கா சொல்றேன், எந்திரிடா, வீட்டுல உக்காந்து கூரையப் பாத்தது போதும்" என்று ஒரு அதட்டல் போட்டாள். கிளம்பிவிட்டார்.

அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. தொண்டையில் கட்டி எடுத்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய், உயிருக்குப் பயமில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. குரல் திரும்பாது, காற்றுதான் வரும் என்று டாக்டர் சொன்னது நீ ஊருக்குப் போன பிறகு. காய்கறிச் சந்தையில் மைக் இல்லாமல் ஏலம் விட்ட மனுஷன், லாரி ஹாரனுக்கு மேலே கேட்கிற தொண்டை, சந்தையே வெண்கலம் வெண்கலம் என்று கூப்பிட்ட ஆளுக்கு வெறும் காற்று மட்டும் மிச்சம். சந்தைக்காரர்கள் நல்லவர்கள், எடை போடும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தன் இடத்தில் இன்னொருவன் நின்று ஏலம் கூவுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தார், அப்புறம் போகவில்லை. வீட்டில் எல்லாம் கைதட்டல்தான், ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் டிவியை நிறுத்து. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, குரல் போனவருக்குக் காதும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு "சாப்டீங்களா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார், இவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். எப்போதாவது ஏதோ சொல்ல வருவார், மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்காது, என்ன என்ன என்று நான் கேட்டால் ஒன்றுமில்லை என்று கை காட்டிவிடுவார். கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். தூரத்தில் இருக்கிற பிள்ளை வயிற்றில் எதற்குப் புளியைக் கரைப்பது என்று நான் உனக்கு எழுதவில்லை.

ஊர் என்றால் ஊர், கண்ணு! பஸ் வளைந்து திரும்பியதும் கோட்டை வாசல் எதிரே வந்து நின்றது, வாயில் கொசு போனாலும் தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் படும் பக்கத்துக் கல் எல்லாம் தேன் நிறம். வாசற்படிக் கல் நடுவில் தேய்ந்து குழிந்து கிடக்கிறது, சுத்தியல் பட்டு இல்லை, ஜனங்கள் நடந்து நடந்தே. என் காலையும் அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன், எனக்கு முன்னால் போனவர்கள் யார் யாரோ, தயிர் விற்றவளோ, சண்டைக்குப் போனவனோ, எல்லோர் காலும் பட்ட இடம். அதற்குப் பிறகுதான் ஓட்டம். உன் தம்பி பார்க்கச் சொன்னது, அத்தை பார்க்கச் சொன்னது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பார்க்கச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு காலில் சக்கரம் கட்டியதுபோல் ஓடினேன். ராணி தூங்கிய கட்டில், ராஜா குளித்த தொட்டி, பீரங்கி, கிரீடம். சாயங்காலம் எந்தத் தொட்டியில் எந்த ராஜா குளித்தார் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. அப்பா எதைக் காட்டினாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் என் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, ஒரே ஒரு இடம், பஸ் கிளம்பும்வரை அங்கேயே என்று சொல்லிவிட்டு, விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த வட்ட மண்டபத்துக்குப் போனோம். அந்தக் காலத்து ராஜா சபை கூட்டிய இடமாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. உள்ளே போய்த் தலையைத் தூக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை பெரிய இடத்தில் ஒரு தூண் கிடையாது. சுவர் வட்டமாக ஏறி ஏறிப் போய் அதுவே கூரையாகி மூடிக்கொள்கிறது, உச்சியில் ஒரு திறப்பு, அதன் வழியாக வெயில் இறங்கித் தரையில் நிற்கிறது. மேலே ஒரு புறா பறந்தது, ஈ அளவுக்குத்தான் தெரிந்தது. ஒரு சட்டைக் கழுத்தைக் கோணாமல் வட்டமாகத் தைக்க நாங்கள் எத்தனை தடவை பிரிக்கிறோம், இவர்கள் கல்லை வைத்து இதை எப்படி மூடினார்கள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றிக் காட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள், உன் வயசுதான் இருக்கும். சுவரோரம் போய் நின்று சுவரைப் பார்த்துப் பேசினால் எதிர்ச் சுவரில் காது வைத்தவருக்குக் கேட்கும் என்றாள். உடனே ஒரு பெரிய மீசைக்காரர் போய்க் கத்தினார், பானைக்குள் கத்தியதுபோல் கொழகொழவென்று ஆகிவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "கத்துனா ஒண்ணும் புரியாதுங்க, வெறும் மூச்சா பேசுங்க, மூச்சு மட்டும்தான் இந்தச் சுவத்துல வழுக்கிட்டுப் போகும்" என்றாள்.

நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ இரண்டு கல்லூரிப் பெண்கள் கிசுகிசுப்பதெல்லாம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சில் இல்லை. சுவரோரமாகவே மெதுவாக நடந்து நடந்து எதிர்ப்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி, தயங்கித் தயங்கி நின்றார். அப்புறம் என் காதுக்குள், பக்கத்துத் தலையணையிலிருந்து பேசுவதுபோல், "பையப் பத்திரமா வச்சிருக்கியா?" என்று கேட்டது. அவர் குரல்தான், கண்ணு. ஒரு எழுத்து சிதறவில்லை. தோளில்தான் இருக்கிறது என்று சுவரிடம் சொன்னேன். "கேக்குதா?" என்றார். கேக்குதுங்க என்றேன். "முழுசாவா?" என்றார். முழுசா கேக்குதுங்க என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்கப்புறம் அவர் செய்ததை என்ன சொல்ல! சுவரோரம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மூச்சாலேயே ஏலத்தை ஆரம்பித்துவிட்டார். "ஐயாமாரே அம்மாமாரே, எதிர்ப்பக்கம் நிக்கிற தையல் மெஷினப் பாருங்க, பழைய மாடல், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா நூலு அறுந்ததே இல்ல, யாரு கேக்குறா?" என்று. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. மீசைக்காரர் சுவரில் வாயை வைத்து ஒரு மூட்டை வெங்காயம் என்றார், அந்தப் பெண்கள் ரெண்டு மூட்டை என்றார்கள். "ரெண்டு மூட்டை வெங்காயம் ஒரு தரம், ரெண்டு மூட்டை வெங்காயம் ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு, சந்தையில் நிறுத்துவாரே அதே மாதிரி நிறுத்தினார். அந்நியர்கள் அத்தனை பேரும் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு இவருடைய மூச்சுக்காகக் காத்து நின்றார்கள். "கட்டுப்படியாகாதுங்க, சரக்கு விக்கிறதுக்கில்ல" என்றார். சிரிப்பும் கைதட்டலும் அந்தக் கூரை முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது, அடங்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகும் நாங்கள் போகவில்லை. சுற்றிக் காட்டிய பெண் பாவம், எங்களைக் கிளப்பவில்லை, வேறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அந்த வெயில். அடக்கி வைத்ததெல்லாம் பேசினார். மயக்க ஊசி போடும் முன்னால் என்னிடம் ஏதோ சொல்ல நினைத்தாராம், அதற்குள் தூக்கம் வந்துவிட்டதாம். என்ன சொல்ல நினைத்தீங்க என்றேன், மறந்துபோச்சு என்றார், இந்த மனுஷனை என்ன செய்வது சொல். அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொன்னார். நான் கடைக்குப் போயிருந்த ஒரு நாள் நீ போன் செய்தாயாம், இவரே எடுத்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம், நீ அலோ அலோ, யாரு, லைன் சரியில்ல என்று சொல்லி வைத்துவிட்டாயாம். இது எனக்கே அன்றுவரை தெரியாது. நீ போன் செய்யும் நேரமெல்லாம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனது ஏன் என்று எனக்கு அங்கே, அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. உன் மேல் துளி வருத்தம் இல்லை அவருக்கு, நீ அதை நினைத்து உருகாதே, அந்தப் போனில் யாருக்குத்தான் கேட்டிருக்கும். "அவளுக்கு எங்குரல் வெண்கலமாவே ஞாபகம் இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். நான் சொன்னேன், பிள்ளைக்கு அப்பா குரல்தாங்க வேணும், வெண்கலமா இருந்தா என்ன, தகரமா இருந்தா என்ன என்று. போய்விட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன், நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு "சரி" என்று ஒரு வார்த்தை வந்தது.

நீங்களும் ஒருநாள் அந்த ஊருக்குப் போக வேண்டும், சின்னவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. போனால் என்னைப் போல் முதல் நாள் பூராவும் ஓடாதே, ஏதாவது ஒரு இடத்தில் நன்றாக உட்கார், அந்த ஊர் தானாக உன்னிடம் வரும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், சின்னவள் கன்னத்தில் எங்கள் இருவர் பங்குக்கும் முத்தம் கொடு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் மனம் நிறைந்து வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டிலிருந்து போன் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு எடு. முதலில் வெறும் காற்று மாதிரிதான் இருக்கும். அலோ அலோ என்று கத்தாதே, காதை நன்றாக வைத்துக்கொண்டு காத்திரு. அப்பாதான் பேசுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா