அஜ்மல் பீவியின் பாட்டு

லண்டன்
12.3.1998

அன்புத் தங்கை சமீனாவுக்கு, அண்ணனின் ஸலாம்.

படிக்க வந்துவிட்டுப் படிப்பை விட்டவன் என்று நீ திட்டியது போதும். நல்ல சேதியைக் கேள். கிளப்புகளில் டிஜேயாக அடுத்தவர் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்த என்னை ஒரு கம்பெனி கூப்பிட்டு, சொந்தமாக ஹிப் ஹாப் ரெக்கார்டு செய்யச் சொல்லியிருக்கிறது. முதல் பாட்டு யார் குரலில் தெரியுமா? அம்மா! எழுதத் தெரியாததால் எனக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்களே, அதிலிருந்து "எம்புட்டு நாளாச்சுடா, எப்ப வார?" என்பதை மட்டும் எடுத்து, மெஷினில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, டிரம்ஸ் சேர்த்தேன். இங்கத்திய பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். பாட்டுக்கும் அம்மா பெயர்தான், 'அஜ்மல் பீவி'. இரண்டு மூன்று மாதத்தில் கடைக்கு வரும்.

வழக்கம்போல அதே கேசட்டில் அம்மா பேச்சின் மேலேயே என் பதிலைப் பதிந்து அனுப்புகிறேன். பாட்டு தனிக் கேசட்டில் இருக்கிறது. போட்டுக் காட்டி, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் அண்ணன்
ஜுல்பிகர்


மதுரை
8.4.1998

அண்ணனுக்கு சமீனா எழுதுவது.

பாட்டைக் கேட்டு அம்மா அழுதார்கள். பெற்ற மகனென்று மனசு விட்டுப் பேசியதை, ஊர் பேர் தெரியாதவர்கள் ஆடுவதற்குப் போட்டிருக்கிறீர்களே, அதுவும் பெயரைச் சொல்லி! ஒத்தக்கடையிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்டிப்பான குடும்பம். அவர்கள் காதுக்கு இது போனால் என் நிக்காஹ் என்னாகும் என்று யோசித்தீர்களா?

"அத அழிக்கிற வரைக்கும் அவன் எங்கிட்டப் பேச வேணாம்" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். இனிமேல் கேசட்டும் பேச மாட்டார்களாம்.

சமீனா


லண்டன்
20.5.1998

அன்புத் தங்கைக்கு,

கடைக்குப் போகுமுன் மூலப் பதிவையே அழித்துவிட்டேன். கம்பெனிக்காரன் கத்தினான், ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிட்டான். வேறு கம்பெனிகளும் என்னைச் சேர்க்கத் தயங்குகின்றன. இப்போது கல்யாண வீடுகளில் கேட்கிறவர்கள் கேட்கும் பாட்டைப் போடுகிறேன். போகட்டும்.

நம் தெரு ஹாஜியார் கடைக்கு இரண்டு முறை போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு முறையும் நீதான் வந்து, அழித்தாலும் அம்மா பேச மாட்டார்கள் என்றாய். எந்த முகத்தோடு உன் நிக்காஹுக்கு வருவது? எனக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேள்.

ஜுல்பிகர்


ஒத்தக்கடை
21.1.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

மாமா போனில் உங்களுக்கு மவுத்துச் சேதி சொன்னாராம். அம்மாவை அடக்கி இன்றோடு பன்னிரண்டு நாள்.

இதை எழுதாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று உங்கள் பாட்டைக் கேட்டு அம்மா அழவில்லை, அண்ணே. விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எம் பேச்சுக்கு லண்டன்ல ஆடுறாகளா? இன்னொருக்கா போடுடி" என்று மூன்று தடவை போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட எழுந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. சம்பந்தம் முறிந்துவிடும் என்று, அழிக்கச் சொன்னதாக அம்மா பெயரில் நானே எழுதினேன். பாட்டுக் கேசட்டின் நாடாவை உருவி அடுப்பில் போட்டுவிட்டு, டேப் கெட்டுப்போய்க் கேசட்டைத் தின்றுவிட்டது என்றேன். நீங்கள் போன் செய்ததையும் மறைத்தேன். "பய ஏன் பேசவே மாட்டேங்குறான்?" என்று கடைசி வரை கேட்டார்கள்.

இங்கே மிச்சமிருக்கும் ஒரே கேசட்டில் உங்கள் குரல்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் ஒரு பிரதியாவது இருந்தால் அனுப்புங்கள். அம்மா குரல் வேறெங்கும் இல்லை. என்னை மன்னியுங்கள்.

பாவி
சமீனா


லண்டன்
10.2.1999

சமீனா,

எதுவும் இல்லை. எங்கள் தொழிலில் எதையும் இரண்டு பிரதி எடுத்து வைப்பது வழக்கம். அம்மா சொல்லிவிட்டார்களே என்று, நண்பனிடம் கொடுத்திருந்த இரண்டாவதையும் வாங்கி என் கையாலேயே அழித்தேன்.

உன்னை மன்னித்துவிட வேண்டுமென்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன், முடியவில்லை. அம்மா என்னை வெறுத்துவிட்டார்கள் என்று நம்பி நான் ஊர்ப்பக்கமே திரும்பவில்லை. மகன் தன்னை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். நீ நன்றாக இரு. இனி எனக்கு எழுதாதே.

ஜுல்பிகர்