முடி எடுக்காத பங்காளி

கே.ஜி.கண்டிகை,
3 மார்ச் 2024

அன்புத் தம்பி திலீப்புக்கு,

அக்கா கமலா எழுதுகிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிடு. போனில் பேசினால் பாதி நேரம் நான் அழுகிறேன், மீதி நேரம் நீ சமாதானம் சொல்கிறாய். செய்தி ஒன்றும் நகர்வதில்லை. அதனால்தான் காகிதம்.

அம்மாவுக்குக் கண் மங்கல்தான், மற்றபடி சுகம். உன் பாவா, அதுதான் என் வீட்டுக்காரர், ஆட்டோவுக்குப் புது சீட் போட்டிருக்கிறார். ஏறுகிறவர்களை விட அவர்தான் அதில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. திருத்தணி கோர்ட்டில், சட்டப் பணிகள் குழு அறைக்கு வெளியே ஒரு மேசை. கழுத்தில் "சட்டம் சார்ந்த தன்னார்வலர்" என்று அட்டை. வக்கீல் இல்லை, பயந்துவிடாதே. வருகிறவர் குறையைக் கேட்டு மனு எழுதுவது, எந்த அறைக்குப் போவது என்று காட்டுவது, தனியாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது. இவ்வளவுதான் வேலை. முதல் நாளே ஆந்திரா பக்கத்து அம்மா ஒருத்தி, ஜீவனாம்சம் கேட்டு வந்தாள். தெலுங்கில் சொன்னாள், தமிழில் எழுதினேன், மறுபடி தெலுங்கில் படித்துக் காட்டினேன். "நேனு செப்பிந்தி அதே", நான் சொன்னது அதேதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சியில் எங்கள் குழு சார் சொன்ன முதல் பாடம் அதுதான். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது. கேட்டதும் எனக்கு நம்முடைய நாள்தான் ஞாபகம் வந்தது. நம் பங்காளி விஜயன் அண்ணன் செத்து, உன்னை ஸ்டேஷனில் வைத்திருந்தபோது, எங்கே போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். ஒரு எழுத்தையும் யாரும் படித்துச் சொல்லவில்லை. இனி என் மேசைக்கு வருகிறவர்களுக்கு அப்படி நடக்காது.

உன்,
கமலா அக்கா



மத்திய சிறை, வேலூர்,
19 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

படிக்கும் ஐயா உன் வணக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். வேலை கிடைத்ததற்கு "அக்காவுக்கு ஒரு சபாஷ்" என்றார். என் பிளாக்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி நம் வீட்டிலும் கோர்ட்டு தெரிந்த ஆள் உண்டு.

மூன்று வருஷம் முடித்தவர்கள் சாதாரண விடுப்பு கேட்கலாம் என்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அம்மாவோடு காவடி எடுக்க வேண்டும் அக்கா. அம்மா ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை. "எம் புள்ளைய எம் வாசல்ல பாப்பேன், ஜெயிலு கம்பியில பாக்க மாட்டேன்" என்று சொன்னவள், இதுவரை அந்தச் சொல்லை மாற்றவில்லை. கண் முழுசாய்ப் போவதற்குள் நான் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

நீயே மனு எழுது. ஊரில் விசாரணைக்கு வருவார்கள், அதையும் நீ பார்த்துக்கொள். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக ஒரு அடி, மண்வெட்டிக் காம்பால். விஜயன் விழுந்தது கிணற்று மேட்டுக் கல்லில். அதற்குப் பத்து வருஷம் போட்டார்கள். சரி, அனுபவிக்கிறேன். பத்து நாள் தர மாட்டார்களா?

உன் தம்பி,
திலீப்



கே.ஜி.கண்டிகை,
26 மே 2024

தம்பி திலீப்,

உன் மனு போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே எழுதினேன். கீழ்த்திருத்தணியில் காவடிக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள். மயில்தோகை தாராளமாக இருக்க வேண்டுமாம், கண் தெரியாவிட்டாலும் கையால் தடவிப் பார்ப்பாளாம்.

அடுத்ததைச் சொல்லக் கை வரவில்லை. ஆனால் வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வரலட்சுமி அண்ணி வந்தாள். தன் வீட்டுக்காரர் விஜயன் அண்ணன் போன பிறகு ஒரே தெருவில் இருந்தும் எங்கள் முகத்தைப் பார்க்காதவள். எதிரே உட்கார்ந்து, "திலீப்ப ஊருக்குள்ள வுடக் கூடாதுன்னு மனு குடுக்கணும். எழுது" என்றாள்.

"அண்ணி, நான் அவனோட அக்கா. நான் எழுதறது முறை இல்ல. வேற ஆள் எழுதுவாங்க" என்றேன். உள்ளே போய்ச் சாரிடமும் சொன்னேன். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, இன்னொரு தன்னார்வலர் தீபா மறுநாள் வருவாள், அவளிடம் எழுதலாம் என்று பொறுமையாக விளக்கினார். அண்ணி கேட்கவில்லை. "தெரிஞ்சிகினுதான் வந்தேங்க. இவதான் எழுதணும். வேற யாரு எழுதினாலும் அந்த வூட்டுக்கு அது ஒரு காயிதம். இவ எழுதினாத்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும்" என்றாள். சார் என்னைப் பார்த்தார். "உனக்கு முடியாவிட்டால் வேண்டாம் அம்மா" என்றார்.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். எழுதலாமா என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. எழுதப் போகிறேன் என்று சொல்கிறேன்.

அக்கா



மத்திய சிறை, வேலூர்,
30 மே 2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் திங்கட்கிழமையே போய்விட்டது. இன்னும் எழுதாமல் இருந்தால், இதைக் கேள்.

நீ எழுதாதே என்று சொல்லவில்லை. எழுது. கொஞ்சம் தளர்த்தி எழுது. தேதி ஒன்று மாறிப் போகட்டும், காரணம் ஒன்று விட்டுப் போகட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நீ படித்துக் காட்டுவதுதானே அவளுக்குத் தெரியும்? படிக்கும்போது ஒன்று, எழுதும்போது ஒன்று. உள்ளே இருக்கும் தம்பிக்கு இதைக்கூடச் செய்ய முடியாத அக்காவுக்கு அட்டை எதற்கு?

காவடிக்கு அம்மா சொல்லி வைத்திருக்கிறாள் என்று நீதான் எழுதினாய்.

திலீப்



கே.ஜி.கண்டிகை,
8 ஜூன் 2024

தம்பி,

எழுதிவிட்டேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். படிக்கும்போது ஒன்று, எழுதும்போது ஒன்று என்பதைத்தானே நமக்குச் செய்தார்கள் என்று நாம் வயிறெரிந்தோம்?

எப்படி நடந்தது என்று கேட்டுக்கொள். இந்த மாதிரி மனுவுக்கு என்ன எழுதினால் எடுபடும் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் முதலில் வழக்கம் போல எழுதினேன். "மேற்படி நபர் ஊருக்கு வந்தால் எனக்கும் என் குடும்பத்துக்கும் உயிருக்கு ஆபத்து நேருமோ என அஞ்சுகிறேன்." திருப்பிப் படித்தேன். அண்ணி தலையைத் தூக்கி, "இன்னா எழுதி வச்சிருக்க? நான் பயந்துகினு இருக்கேன்னு எப்ப சொன்னேன்? எனக்கு அவன் மேல பயம் இல்ல. அடி" என்றாள்.

அந்த வரியை அடித்தேன். "அப்ப எதுக்கு வரக் கூடாதுன்னு சொல்றீங்க அண்ணி?" என்று கேட்டேன். அப்படி அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை திலீப். போலீஸ் கேட்டது அடித்ததைப் பற்றி. கோர்ட்டு கேட்டது கிணற்றைப் பற்றி. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே தேங்காய் விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான். பிறகு சொன்னாள். அவள் சொன்னது அப்படியே மனுவில் இருக்கிறது:

"எங்க வீட்டுக்காரர் கருமாதி அன்னிக்குப் பங்காளிங்க அத்தினி பேரும் முடி எடுத்தாங்க. சண்டையில இருந்தவங்களும் வந்து எடுத்தாங்க. அவனும் பங்காளிதான். அவன் மட்டும் எடுக்கல, ஜெயில்ல இருந்தாலும் எடுத்திருக்கலாம். அவங்க அம்மா தலைக்குக்கூட ஊத்திக்கல, எங்களுக்குத் தீட்டு இல்லன்னு வெளக்கு ஏத்துச்சு. எங்க வீட்டுக்காரர் சாவு அந்த வீட்டுக்கு ஒரு சாவாவே இல்ல. அந்தத் தலைமுடியோட அவன் இந்தத் தெருவுல காவடி தூக்கினு போறத நான் பாக்க மாட்டேன்."

இது சட்டத்தில் நிற்கும் காரணமில்லை என்று எடுத்துச் சொன்னேன். "நிக்காட்டி போவுது, இருக்கட்டும்" என்றாள். படித்துக் காட்டினேன். "ஆங், இதான்" என்று கைநாட்டு வைத்தாள். எழுந்து போகும்போது என் தோளைத் தொடப் போய், தொடாமல் போனாள்.

என் மேல் கோபப்படு. ஆனால் அவள் சொன்னதில் பொய் எது என்று எனக்குச் சொல். நான் பத்து நாளாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

அக்கா



கே.ஜி.கண்டிகை,
17 ஜூலை 2024

தம்பி,

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் இல்லை. பேச விருப்பமில்லை என்று நீ சொன்னதாக அங்கிருந்து சொன்னார்கள்.

அண்ணியின் மனுவைக் காட்டி விடுப்பு இல்லை என்று உத்தரவு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்த மனுவை எழுதியது நான் என்றும் சேர்த்து. அன்றிலிருந்து என் கையால் சோறு வாங்குவதில்லை. உன் பாவா போட்டால் சாப்பிடுகிறாள். காவடி வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். பெற்றவளும் மெச்சாத மகளாகிவிட்டேன்.

மேசைக்குத் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுப் பட்டா மாற்றத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது குரல் உடைந்துவிட்டது. "எனுக்கே அழுவ வரல, உனுக்கு ஏம்மா?" என்றார்.

நீ திட்டியாவது ஒரு வரி போடு.

அக்கா



மத்திய சிறை, வேலூர்,
2 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

உன்னோடு பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ கேட்ட கேள்வி விடவில்லை. அவள் சொன்னதில் பொய் எது? நானும் தேடினேன்.

கோர்ட்டில் அவள் அழுதபோது நடிக்கிறாள் என்று நினைத்தேன். வக்கீலும் அப்படித்தான் சொல்லியிருந்தார். நைனா செத்தபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடி எடுத்தவன் விஜயன். கத்தி பட்டு எனக்கு ரத்தம் வந்ததும், "சின்னப் பையன், பாத்து எடுப்பா" என்று அந்த ஆளை அதட்டினான். இத்தனை வருஷமாக எனக்கு அந்தக் கிணற்று மேடுதான் ஞாபகம் வரும், அது மட்டும் வராது. நீ எழுதிய அவள் மனுவைப் படித்த ராத்திரி வந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று இங்கே நிறையப் பேர் முடி எடுத்தார்கள். முடி வெட்டுகிற வீராசாமி அண்ணன் காலையிலிருந்து ஓயவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். "இன்னாடா, தணிகை முருகனுக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். "எங்க பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு" என்றேன். "அடப் பாவமே, எப்போ?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்காமல் தண்ணீர் தெளித்தார்.

இனி விடுப்பு கேட்க மாட்டேன். இதை அண்ணியிடம் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் செய். அம்மாவிடம் மட்டும் சொல்.

அட்டையைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. கழற்றாதே.

திலீப்



கே.ஜி.கண்டிகை,
11 ஆகஸ்ட் 2024

என் தம்பி திலீப்புக்கு,

உன் கடிதத்தை முதலில் அண்ணியிடம் எடுத்துப்போனேன். வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. முழுவதும் கேட்டாள். "நேரத்துக்குச் செஞ்சிருக்கணும்" என்றாள். கதவைச் சாத்தவும் இல்லை. நான் தெரு திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தாள். உன்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன், அவள் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்தேன். முடி எடுத்த இடம் வந்ததும், "யாருக்குன்னு போட்டிருக்கான்?" என்று கேட்டாள். "விஜயனுக்கு" என்றேன். "இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனாள். விழுந்துவிடுவாளோ என்று பின்னாலேயே ஓடினேன். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், கட்டின சேலையோடு. "விஜயா, விஜயா" என்று சத்தமாக அழுதாள். நாலு வீடு தள்ளி அண்ணிக்குக் கேட்டிருக்கும்.

தலை துவட்டி உட்கார வைத்தேன். என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, "வேலூரு பஸ்ஸு காலையில எத்தினி மணிக்குடி?" என்றாள்.

"கம்பியிலதாம்மா பாக்க முடியும்" என்றேன்.

"ஆங், தெரியும். போலாம்" என்றாள்.

வருகிற சனிக்கிழமை நேர்காணலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு முகம் சரியாகத் தெரியாது. கம்பிக்குக் கிட்ட வந்து நில்.

கமலா அக்கா