மேசையைத் தட்டிய கை

மார்ச் 27, இரவு

இன்று மேயரின் பட்ஜெட் உரையை மாமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கேட்டேன். வீட்டு வரி ஏறுகிறது. கடற்கரைப் பூங்காவுக்கு நீரூற்று வருகிறது. மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும் எங்கள் தெருவுக்கு வடிகால் இல்லை. அந்த உரைக்கும் மேசையைத் தட்டி வரவேற்றான் எங்கள் கவுன்சிலர் ஜெரால்டு, என் தம்பி மகன். வடிகால் நிச்சயம் என்று அவனுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள் நான்.

சாயங்காலம் எப்போதும்போல் காப்பிக்கு வந்தான்.

"கட்சியில இருந்தா தட்டத்தான செய்யணும் அத்தை."

"மழை வந்தா ஒன் கட்சி வந்து தண்ணி இறைக்குமாலே?"

சிரித்தான். அவனுக்கென்று வைத்திருக்கும் கோப்பையை நான் எடுக்கவில்லை. விருந்தாளிக் கோப்பையில் கொடுத்தேன். பார்த்தான். சிரிப்பு நின்றது. காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

நாளை அதே வீடுகளுக்குப் போய், வடிகால் வராது என்று நான்தான் சொல்ல வேண்டும்.