சாவியை நான் பிடுங்கவில்லை

மேல் டிவிசன்,
நிவித்திகல.
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் டெனிஸுக்கு அம்மா எழுதும் கடிதம்.

என் மருமகள் ரோசலினிடமிருந்து நான் ஜீப்புச் சாவியைப் பிடுங்கவில்லை. தோட்டத்து லய வீடுகளில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நீயும் ஞாயிற்றுக்கிழமை போனில் அதையே சொன்னாய். பூசை முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் நம் வாசலில் நின்றார்கள். உன் மகள் சரோன் வழக்கம்போல் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "ஏம்மா ரோசலினப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? சாவியக் குடுங்கம்மா" என்று நீ கத்தியது எல்லோருக்கும் கேட்டது. நான் உள்ளே போய்விட்டேன். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய பெரிய சக்கரங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அவற்றைப் பூட்டிய பிறகு ஜீப்பில் ஏற எனக்கு முக்காலி வேண்டியிருக்கிறது. அது உண்மை. அதற்காக மகன் ஆசையாக அனுப்பியதை வெறுக்கும் பெண் அல்ல நான். அவற்றைப் பூட்டிய அன்று ஃபாதரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்தவளே நான்தான். அடுத்த வீட்டு கிருஷ்ணகுமாரி தன் பங்குக்கு நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். "பாருங்க டீச்சரம்மா, எப்படி நசுங்குது! யானை மிதிச்ச மாதிரி!" என்று அவளுக்கு ஒரே சந்தோசம். இரண்டு மதத்து ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டதால், அந்தச் சக்கரங்களைப் பற்றி மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து வாசி.

போன வாரம் புதன்கிழமை காலை நல்ல மழை. ரோசலின் எப்போதும்போல் மேல் டிவிசன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். சரோன் முன் சீட்டில். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே அந்தச் செங்குத்தான முடக்கு வளைவு உனக்குத் தெரியும். அங்கே பிரேக்கை மிதித்தாள். ஜீப்பு நிற்கவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தது, பிறகு அதன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே மடுவத்தில் மழைக்கு ஒதுங்கிய பெண்கள் கூடையோடு நிரம்பி நின்றார்கள். ரோசலின் கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்து, தேயிலைக்குள் ஏற்றி நிறுத்திவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்களாம். "இன்னொருக்கா ஏத்துங்க அக்கா" என்று கேட்டார்களாம். நம் சரோன்தான் எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தாளாம்.

அவர்களை மெதுவாகப் பள்ளியில் இறக்கிவிட்டு ரோசலின் வீட்டுக்கு வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது வார் அறுந்து கையில் இருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் ஈரக் கையில் சாவியை வைத்து, "ரெண்டு காலாலயும் மிதிச்சேன் அத்தை" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்து, "நீங்க பிடுங்கிக்கிட்டதா சொல்லிருங்க அத்தை. நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சா ஒருத்தரும் இனிமே புள்ளைய ஏத்த மாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நீ துபாய்க்குப் போய் அவள் ஜீப்பை எடுத்த முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் நின்ற ஆண்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பதை நான் இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். அவர்கள் பிள்ளைகளையே பிறகு அவளிடம் ஏற்றிவிட்டார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் சரி என்றேன். கொடுமைக்கார மாமியார் என்ற பெயர் எனக்குச் சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

உன்னிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். போனில் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு இது எந்த வகைப் பாவம் என்று தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் கராஜ்காரர் ஜயரத்ன பாஸை வரவழைத்தேன். சக்கரம் பூட்டியவரும் அவர்தானே. குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "டீச்சர், ரோதே லொக்குய், பிரேக் எக்க பொடியி" என்றார். சக்கரம் பெரிது, பிரேக் சின்னது. இதைப் பூட்டும்போதே ஏன் சொல்லவில்லை என்று சிங்களத்திலேயே கேட்டேன். மஹத்தயா, அதாவது நீ, சக்கரம் மட்டும்தான் பூட்டச் சொன்னார் என்று பதில் வந்தது. சக்கரம் உயரமும் பாரமும் ஆகிவிட்டதால், சின்னச் சக்கரத்துக்கென்று செய்த பிரேக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லையாம். முன் சக்கரம் இரண்டுக்கும் பழைய டிரம்மைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் பிரேக் போட வேண்டும், மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரையும் பெரிதாக்க வேண்டும், அப்போது மிதித்த இடத்தில் நிற்கும் என்கிறார். சாமான் இரத்தினபுரியில் கிடைக்கும். மனமில்லாவிட்டால் பழைய சக்கரங்களைத் திரும்பப் பூட்டலாம். அவை கோழிக் கூட்டுக்குப் பின்னால்தான் கிடக்கின்றன.

வேலையைத் தொடங்கச் சொன்னேன். அவர் அங்கேயே நின்று உனக்குப் போன் செய்தார். வண்டி உன் பெயரில் இருக்கிறதே. "அம்மாவுக்கு வயசாச்சு, பயப்படுறாங்க, அத விடுங்க பாஸ்" என்று நீ சொன்னதாக அவர் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

மகனே, நீ அங்கே வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணல் மேட்டில் வண்டி ஓட்டுகிறாய். மணலில் காலை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். இங்கே இறக்கத்தில் காலை எடுத்தால் தானாக ஓடும். உன் கம்பெனி வண்டிகளுக்குப் பெரிய சக்கரம் பூட்டியபோது பிரேக்கை அப்படியே விட்டார்களா? இதற்கு உன் பதில் எனக்கு வேண்டும்.

நேற்று அந்தனி வந்தான். நீ போவதற்கு முன் உனக்கு உதவிக்கு ஓட்டியவன்தான். வரும் திங்கட்கிழமையிலிருந்து அவனையே ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டாயாம். வாசலில் நின்று கையை நீட்டினான். "டெனிஸ் அண்ணன் சொல்லிட்டாரு டீச்சரம்மா. பொம்பளைங்க சண்டை நமக்கு எதுக்கு? நான் ஒத்தக் கால்ல ஓட்டிருவேன்" என்றான். ஓட்டுவது தெரியும், எந்தக் காலால் நிறுத்துவாய் என்று கேட்டேன். சாவி தர மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் கெட்ட பிள்ளை இல்லை, நல்ல டிரைவரும்கூட. ஆனால் அவன் மிதித்தாலும் அதே பிரேக்தான். இப்போது பெற்ற மகன் சொல்லையும் கேட்காத கிழவி என்ற பெயரும் சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் மழையில் நடந்து இறங்குகிறார்கள். சரோன் அட்டைக்கடியோடு திரும்பி வருகிறாள். கிருஷ்ணகுமாரி தன் பையனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நம் வாசலுக்கு நேரே வந்ததும், "சாவி மாமியார் மடியில, புள்ளைங்க சகதியில" என்று உரக்கச் சொல்கிறாள். உண்மை என் வாய் வரை வருகிறது. விழுங்கிக்கொள்கிறேன். எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது, டெனிஸ். முழங்கால் வலியை மட்டும் சொல்லவில்லை.

ஒன்றைப் பார்த்தேன், அதை உனக்குச் சொல்ல வேண்டும். நேற்றுப் பகல் நான் தூங்குவதாக நினைத்து ரோசலின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். சாவி என்னிடம் இருக்கிறது, வண்டி அசையாது. வெறுமனே பிரேக்கை மிதித்தாள், காலை எடுத்தாள், மறுபடியும் மிதித்தாள். அவள் தன் காலில்தான் பிழை என்று நினைக்கிறாள். பிழை வண்டியில் என்று நான் சொன்னேன். இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். என்னை இரக்கக்காரி என்று யாராவது நினைத்தது இதுவே முதல் தடவை.

இந்தக் கடிதத்தை உன் சிநேகிதன் கிருஷாந்த் வியாழக்கிழமை பிளேனில் கொண்டுவருகிறான். திங்கட்கிழமைக்கு முன் உன் கையில் கிடைக்கும். வாசித்தவுடன் போனை எடுக்காதே. இங்கே போன் பேசினால் அது லயம் முழுவதற்கும் பேசியதாகிவிடும். இரண்டு தாள் எடுத்துக்கொள். ஒன்றில் பிரேக்கை மாற்றும்படி பாஸுக்கு எழுது, அதுவரை அந்தனி உட்பட ஒருவரும் ஜீப்பைத் தொடக் கூடாது என்றும் எழுது. மற்றதை ரோசலினுக்கு எழுது. பயந்தாயா என்று கேட்காதே. அந்தச் சக்கரங்களை அனுப்பும்போது பிரேக்கைப் பற்றி நீ யோசிக்கவில்லை என்று எழுது. அன்று பிள்ளைகளையும் மடுவத்துப் பெண்களையும் காப்பாற்றியது அவள்தான் என்று எழுது. வேலை முடிந்ததும் அவளே ஓட்ட வேண்டும் என்று எழுது. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். உன் கையெழுத்தை நம்புவாள்.

என்னைப் பற்றி ஊர் சொல்வதை நீ திருத்த வேண்டாம். ரோசலின் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

தேவமாதா உன்னை வழியிலும் வேலையிலும் காக்கட்டும். உன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனித்துக்கொள்.

இரண்டு தாளையும் படம் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சரோனின் போனுக்கு அனுப்பு. தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அம்மா,
செலஸ்டினா