சிப்பி ஒட்டிய பக்கம்

மார்ச் 4
அருங்காட்சியகத்துக்குப் புது இயக்குநர் வந்தாலும் வந்தார், ஆய்வறை முழுக்க அரவைத் தூசி. வேறு யார், என் தங்கை புருஷன்தான். புதைபடிவங்களையெல்லாம் அரைத்து மெருகேற்றுகிறார். "பார்க்க வர்றவங்களுக்குக் கண்ணு கூசணும்க்கா" என்கிறார். எனக்கு அவரைப் பார்த்தாலே கூசுகிறது.

மார்ச் 9
என் அம்மோனைட்டின் மேல் மாப்பிள்ளை கண் வைத்துவிட்டார். கல்லாகிப்போன கடலுயிர், கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம்; வண்டிச் சக்கரம் போலச் சுருண்ட ஓடு. கறுப்புச் சேற்றுக்கல்லிலிருந்து நான் பெயர்த்தது. போன வாரம்தான் திருப்பிப் பார்த்தேன், இரு பக்கமும் சிப்பி! செத்துத் தரையில் கிடந்த ஓடென்றால் மேல்பக்கம் மட்டும்தானே ஒட்டும்? இவை அம்மோனைட் உயிரோடு நீந்தியபோதே ஒட்டியவை. அந்தக் கடலின் தரை காற்றில்லாத சேறு, சிப்பிக்கு வேறு போக்கிடம் இல்லை. என் கட்டுரையே இதை நம்பித்தான் நிற்கிறது. அவரோ, அது ஆழமில்லாத கடல், சிப்பி வாழ்ந்த தரை என்று புத்தகமே போட்டவர்.

மார்ச் 10
'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 16
பாவி. காய்ச்சல்னு படுத்தேன், அதுக்குள்ள ஒரு பக்கத்தை வழவழன்னு அரைச்சுத் தள்ளிட்டான். ஒரு சிப்பி மிச்சமில்லை. அந்தப் பக்கத்தை நான் படம்கூட எடுக்கலையே! "அழுக்குன்னு நினைச்சேன்க்கா" — அழுக்காம். யாரோட அழுக்கு?

மார்ச் 17
தங்கை வந்தாள்.
"மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடாதேக்கா. அவர் வேலை போயிடும்."
"என் வேலை?"
"கல்லைக் கட்டிக்கிட்டு அழறதெல்லாம் ஒரு வேலையா?"
கதவைச் சாத்தினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை. செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

மார்ச் 25
திறப்பு விழா. மாப்பிள்ளை ஒலிபெருக்கியில் முழங்கினார்: "ஒரே பக்கம்தான் சிப்பி. ஆழமில்லாத கடல்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் அரைத்த பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்குத்தான் அளவு தெரியாதே, உள்சுருள் வெளியே தெரியுமளவு ஆழமாக அரைத்திருந்தார். உள்சுருளுக்கும் வெளிச்சுருளுக்கும் நடுவே, விளக்கொளியில், அடுக்கடுக்காக ஒரு வெள்ளைக் கீற்று.

சிப்பி. அது ஒட்டிய பிறகு அம்மோனைட் அதன் மேலேயே சுற்றி வளர்ந்திருக்கிறது. செத்தது வளருமா?

எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தங்கை கையைக் கிள்ளினாள். வலிக்கவே இல்லை.

ஏப்ரல் 11
வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னதுதான் சரி, சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை.
"அம்மோனைட் பக்கத்துல வைக்கிற பலகையில என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்கக்கா."
எழுதிக் கொடுத்தேன். உயிரோடிருந்தபோது ஒட்டிய சிப்பி, காற்றில்லாத கடல்தரை, கண்டறிந்தது நான். கடைசி வரி: 'மெருகேற்றியவர்: இயக்குநர்.'

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "பலகையில அவரையும் சேர்த்தியாமே! உனக்குப் பெரிய மனசுக்கா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கார்."

சொல்லட்டும். செருப்பை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.