அசனத்து ஈரல்

மிஸ்பாபுரம்,
பாளையங்கோட்டை வழி,
14.10.2024

கர்த்தருக்குள் அன்பான பேத்தி டார்லினுக்கு ஆச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்காக விடிய எழுந்ததும் முழங்கால் போடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம்ம வீட்டுப் பிள்ளைகளில் மெர்வினைக் கங்கைகொண்டான் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், அவனுக்குக் கீழே பதினாறு பேர். கரோலின் பிளஸ் டூவில் 571. நம்ம ஊரில் அந்த மார்க் ஒருத்தரும் வாங்கினது கிடையாது. எஸ்றா மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டான், அதையும் சேர்த்துக்கொள். எல்லாத்துக்கும் மேலே நீ. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு கொலைக்கதை எழுதி, அது ஆயிரம் பிரதி விற்று இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

இனி நீ போனில் சொன்ன விஷயம். எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று கொலைகாரனை மாற்றி எழுதப் போகிறேன் என்றாய். போனில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மாற்றாதே.

நம்ம சபைக் கமிட்டிச் செயலாளர் கிருபைராஜ் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது நிசம். கதையில் விஷம் வைக்கிறது செயலாளர் என்பதால், டீக்கடையில் உட்கார்ந்தால் “வே, இன்னைக்கு யாருக்கு ஈரல்?” என்று கேட்கிறார்களாம். சமையல்காரன்தான் கொன்றான் என்று மாற்றினால் போதுமாம், ஈரல் பக்கத்தை எடுத்துவிட வேண்டுமாம். கவனித்தாயா? ஒரு மனுஷனைக் கொன்றதில் அவர்களுக்குக் கோபம் இல்லை. ஈரலை எழுதினதில்தான் கோபம்.

சபை அசன விருந்தில் ஊரே ஒரே கிடாரத்துக் குழம்பைச் சாப்பிட, பொருளாளர் மட்டும் எப்படிச் செத்தார் என்பதுதானே உன் கதையின் முடிச்சு. ஆட்டு ஈரல் பந்திக்கு வராது, தனியாக வறுத்துக் கமிட்டிக்குப் போகும், முதல் கிண்ணம் பொருளாளருக்கு. இது தெரிந்தவன்தான் அந்தக் கொலையைச் செய்ய முடியும். உனக்கு இதைச் சொன்னது நான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஈரலை வறுத்ததும் நான். என் கையால் செய்ததை நீ எழுதினாய், அதில் உனக்கு என்ன பயம்?

புத்தகத்தை ரெண்டு தரம் படித்தேன். முதலில் யார் கொன்றது என்று பார்க்க. அடுத்து, எங்கே ஏமாந்தேன் என்று பார்க்க. செயலாளர் தன் பங்கு ஈரலைத் தின்னாமல் பேரனுக்கு என்று பொட்டலம் கட்டுகிறாரே, அந்த இடம். என் கண் முன்னாலேயே வைத்திருக்கிறாய், நான் தாண்டிப் போய்விட்டேன். அதைக் கண்டதும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இப்போது சமையல்காரன் என்று மாற்றினால் அந்த வரி எதற்கு? அத்தனை பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே படித்து வந்தவள் புத்தகத்தை வீசிவிடுவாள். அதோடு, வருஷா வருஷம் வெளியூரிலிருந்து வந்து புகையில் நின்று நமக்கு ஆக்கிப் போடுகிற இசக்கியப்பன் தலையில் கொலையைக் கட்டுவதா? அவனுக்காகப் பேச இங்கே யார் இருக்கிறார்கள்?

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றை மாற்று. ஈரலைத் தேங்காய் எண்ணெயில் வறுத்ததாக எழுதியிருக்கிறாய். நல்லெண்ணெய்.

போன மாசம் அசனம். இந்த வருஷம் உள்ளி உரிக்க நான் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். என் கத்தியை எடுத்துக்கொண்டு போய் அரை மூட்டை உரித்தேன். ஒருத்தியும் எழும்பச் சொல்லவில்லை. ஜெபம் முடிந்து முதல் பந்தியில் உட்கார்ந்தேன். கிருபைராஜ் குழம்பு வாளியோடு வந்தான். ஈரல் எங்கே என்று கேட்டேன்.

“ஈரலா? அதெல்லாம் உங்க பேத்தி கதையிலதான் இருக்கு பெரியம்மா” என்றான், எல்லாரும் கேட்கும்படி.

“அப்போ பொய்க்கதைக்கு நீ ஏம்லே பயப்படுதே? உண்மைன்னா ஈரலைக் கொண்டா, பொய்யின்னா புத்தகத்தை விடு.”

பந்தி முழுக்கச் சிரிப்பு. எதிர்வரிசையில் ஒருத்தி இலையைத் தட்டி, எனக்கும் ஈரல் வேண்டும் என்றாள். பிறகு யார் யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் பின்னாலிருந்து அந்தச் சட்டி வந்தது. ஆளுக்கு நகத்தளவுதான் தேறியது. உப்புக் கொஞ்சம் தூக்கல்.

அதிலிருந்து கோயிலில் கிருபைராஜ் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்காருவதில்லை. இன்னும் ரெண்டு பேரும் தள்ளிப் போய்விட்டார்கள். பெஞ்சு தாராளமாக இருக்கிறது, நான் காலை நீட்டிக்கொள்கிறேன். நீ அதை நினைத்து அங்கே அழாதே. எனக்காக என்று சொல்லி ஒரு எழுத்தை மாற்றினாலும், அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்தப் பெஞ்சில் உட்காருவது?

உன் கையைக் கர்த்தர் பலப்படுத்துவாராக. புத்தகம் படித்த பெண்கள் எழுதினவளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வருகிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் இருப்பது பள்ளிக்கூட வயசில் கோயிலில் எடுத்த உன் திடப்படுத்தல் ஆராதனைப் படம்தான், அதில் முக்காடு போட்டுத் தலையைக் குனிந்திருக்கிறாய். புதிதாக ஒரு போட்டோ எடுத்து, பெரிசாகக் கழுவி, தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், சுவரில் மாட்டணும். நேராகப் பார்த்து எடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
ஆச்சி பாக்கியவதி